கற்றுத் தெளிந்த கருணை

நோயுற்றோரைச் சந்தித்தல் இரக்கச் செயல்களுள் ஒன்றென மறைக்கல்வி வகுப்பிலேயே நாம் கற்றோம். சந்திப்பதற்கு நல்ல மனம் போதும். ஆனால், பேணுவதற்கு அறிவும் பயிற்சியும் வேண்டும். இவ்வுண்மையை உலகமும் நம் திருச்சபையும் முழுமையாக உணர நெடுங்காலம் ஆயிற்று.

1633-ஆம் ஆண்டு பாரிசு மாநகரில் புனித வின்சென்ட் தே பவுலும் புனித லூயிசு தே மரிலாக்கும் பிறரன்புப் புதல்வியர் சபையைத் தொடங்கினர். மடத்தின் மதில்களுக்குள் அடைபடாமல் ஏழை நோயாளரின் இல்லம் தேடிச் சென்ற அப்பெண்களுட் பலர் சிற்றூர்களில் பிறந்தவர்கள். லூயிசு அம்மையார் அவர்களுக்குச் செபத்தோடு எழுத்தும், எழுத்தோடு நோயாளரைப் பேணும் முறையும் கற்பித்தார். கருணைக்குப் பயிற்சி தேவை என்பதை அன்றே அவர் கண்டுகொண்டார்.

இரு நூற்றாண்டுகள் கடந்தபின், செல்வக் குடியில் பிறந்த ஆங்கிலப் பெண்மணி புளோரன்சு நைட்டிங்கேல், குடும்பத்தாரின் எதிர்ப்பையும் மீறி, 1851-இல் செருமனியின் கைசர்சுவெர்த் நகரில் புரொட்டஸ்டாண்டு போதகர் ஒருவர் நிறுவியிருந்த இல்லத்தில் தங்கிப் பயிற்சி பெற்றார். 1854-இல் கிரிமியப் போரின் காயமுற்றோரைப் பேண அவர் அழைத்துச் சென்ற 38 பெண்களுள் கத்தோலிக்கத் துறவியரும் இருந்தனர். அவர்களை வழிநடத்திய அன்னை கிளேர் மூர் பின்னர் நைட்டிங்கேலின் வாழ்நாள் தோழியானார்.

1860-இல் இலண்டன் புனித தோமா மருத்துவமனையில் நைட்டிங்கேல் தொடங்கிய பயிற்சிப் பள்ளி செவிலியப் பணியின் போக்கையே மாற்றியது. அங்கு ஓராண்டுப் பயிற்சி அளிக்கப்பட்டது. புண்ணுக்குக் கட்டுப் போடுதல், படுக்கை விரித்தல், நோயாளியின் நிலையைக் கூர்ந்து நோக்கிக் குறித்தல் ஆகியவை கற்பிக்கப்பட்டன. அத்துடன் ஒவ்வொரு மாணவியின் நேர்மை, காலந்தவறாமை, தூய்மை, அமைதி ஆகியவையும் மாதந்தோறும் ஏட்டில் பதிவு செய்யப்பட்டன. கைத்திறனும் குணநலனும் ஒன்றாகவே மதிப்பிடப்பட்டன என்பது நம் சிந்தனைக்குரியது.

இம்மாற்றம் மெல்ல நம் மண்ணையும் எட்டியது. வேலூரில் மருத்துவர் ஐடா ஸ்கடர் 1909-இல் செவிலியர் பயிற்சியைத் தொடங்கினார். 1926-இல் சென்னை மாகாணச் சட்டம் ஒன்று செவிலியரையும் மகப்பேற்று உதவியாளரையும் பதிவு செய்ய வழிவகுத்தது. 1946-இல் வேலூரிலும் தில்லியிலும் செவிலியர்க்குப் பட்டப்படிப்பு பிறந்தது.

கத்தோலிக்கத் துறவியரின் பாதையோ கடினமானது. மருத்துவத் தொழிலும் மகப்பேற்றுப் பணியும் துறவற வாழ்வுக்குப் பொருந்தாதவை எனக் கருதித் திருச்சபை ஒழுங்குகள் அவற்றைத் தடுத்திருந்தன. ஆனால், ஆண் மருத்துவர் தொடுவதை ஏற்காத மரபில் வாழ்ந்த இந்தியப் பெண்கள் பேறுகாலத்தில் உதவியின்றி மடிந்துகொண்டிருந்தனர். இதைக் கண்டு வருந்திய ஸ்காட்லாந்து மருத்துவர் ஆக்னெசு மெக்லாரன், அன்று இந்தியாவில் இருந்த ராவல்பிண்டியில் பெண்களுக்கென மருத்துவமனை எழும்பக் காரணமானார். முதிய வயதிலும் உரோமைக்குச் சென்று தடையை நீக்குமாறு மன்றாடினார். அவர் விட்ட பணியைத் தொடர்ந்தார் ஆஸ்திரிய நாட்டு அன்னா டெங்கல். மருத்துவம் பயின்று 1920-இல் ராவல்பிண்டிக்கு வந்த அவர், 1925-இல் மருத்துவ மறைபரப்புச் சகோதரிகள் சபையை நிறுவினார். 1936 பிப்ரவரி 11, லூர்து அன்னையின் திருநாளன்று, உரோமை தன் தடையை நீக்கியது. அருள்சகோதரியர் மருத்துவராகவும் செவிலியராகவும் முறையான சான்றிதழ் பெற வேண்டும் என்றும் அவ்வறிக்கை விரும்பியது.

அத்தடை நீங்குமுன்னரே தனி இசைவு பெற்றுப் பணியாற்றியவர், ஆஸ்திரேலியாவில் மருத்துவம் பயின்று 1920-இல் குண்டூர் வந்த அருள்சகோதரி மேரி குளோரி. பல்லாயிரவர்க்கு மருத்துவம் செய்ததோடு அவர் நின்றுவிடவில்லை; உள்ளூர்ப் பெண்களைச் செவிலியராகவும் மகப்பேற்று உதவியாளராகவும் பயிற்றுவித்தார். 1943-இல் கத்தோலிக்க மருத்துவமனைகளின் சங்கத்தையும் அவரே தொடங்கினார். தம் இரு கைகள் போதா என்றறிந்தவர் பல கைகளை உருவாக்கினார். அந்நாளில் இந்தியாவில் 43,000 பேருக்கு ஒரு செவிலியரே இருந்தார் என்று 1946-இல் வெளிவந்த போர் குழுவின் அறிக்கை கூறுகிறது.

இவ்வரலாற்றை இன்று நினைவுகூரக் காரணம் உண்டு. பன்னிரண்டாம் வகுப்பு முடிவுகள் வந்ததும், செவிலியர் படிப்புக்கு நற்சான்று கேட்டுப் பெற்றோர் பங்கு இல்லம் வருகின்றனர். "எது சீக்கிரம் முடியும், சாமி? எது வெளிநாடு போக உதவும்?" என்பவையே அவர்களின் முதல் கேள்விகள். கடன் சுமந்த குடும்பத்தின் கேள்வியை யாரும் இகழ இயலாது. உழைப்புக்கேற்ற ஊதியம் நீதியே. ஆயினும், 2 ஆண்டுத் துணைச் செவிலியர் பயிற்சியோ, 3 ஆண்டுப் பட்டயமோ, 4 ஆண்டுப் பட்டமோ, எதுவாயினும் அந்நிறுவனம் முறையான அரசு ஏற்பு பெற்றதா என்பதே முதலில் கேட்க வேண்டியது. ஏற்பில்லாத இடத்தில் குறுகிய காலத்தில் பெறும் தாள் பிள்ளையின் எதிர்காலத்தையும் கெடுக்கும்; அரைகுறையாய்க் கற்ற கையில் சிக்கும் நோயாளியின் உயிருக்கும் ஊறு செய்யும். பட்டயம் முடித்தோர்க்குப் பட்டம் பெற மேலும் 2 ஆண்டுப் படிப்பு உண்டு. ஆகவே, வசதியற்ற பிள்ளைக்கும் வாயில் அடைபடவில்லை.

முதல் ஆண்டில் இரவுப் பணியின் களைப்பும், கண்முன் நிகழும் முதல் மரணமும் தாளாமல், விடுதியிலிருந்து தொலைபேசியில் அழும் மகளுண்டு, மகனும் உண்டு. அப்பிள்ளையைக் கோழை என்று எண்ணாதீர்கள். பிறர் துன்பத்தின் அருகே நிற்க அவ்வுள்ளம் அப்போதுதான் கற்றுக்கொண்டிருக்கிறது. பொறுமையாகச் செவிமடுங்கள், அப்பிள்ளைக்காகச் செபியுங்கள்.

நல்ல சமாரியர் அடிபட்டவர்மீது இரங்கியதோடு நிற்கவில்லை. எண்ணெயும் திராட்சை மதுவும் வார்த்துக் காயங்களைக் கட்டினார். செய்யவேண்டியது இன்னதென அறிந்திருந்தார். நம் இளையோர் பயிற்சியில் செலவிடும் ஆண்டுகள் அந்த அறிவைத் தேடும் ஆண்டுகளே. அவற்றைக் குறுக்க வழி தேடாமல், நிறைவாய்க் கடக்க அவர்களுக்குத் துணைநிற்போம்.