ஆன்டிவைரஸ் போட்டும் வைரஸ் வருவது ஏன்? ஆம்பூர் தோல் ஏற்றுமதியாளர்கள் கவனிக்க வேண்டியது என்ன?

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை, பேரணாம்பட்டு என வேலூர் வட்டாரத்தின் தோல், ஷூ ஏற்றுமதி பெரும்பாலும் நடப்பது இ-மெயிலில்தான். வெளிநாட்டு பையரின் பர்ச்சேஸ் ஆர்டர், இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட் எல்லாமே அட்டாச்மென்டாக வந்து போகின்றன. புது வைரஸ்களுக்கும் அதுவே வாசல்.

ஆன்டிவைரஸ் எப்படி கண்டுபிடிக்கிறது?

போலீஸ் ஸ்டேஷனில் ஒட்டியிருக்கும் பழைய திருடர்களின் போட்டோ மாதிரிதான். ஏற்கெனவே சிக்கிய வைரஸ்களின் அடையாளத்தை, அதாவது சிக்னேச்சரை, வைத்து ஃபைல்களை ஒப்பிடும். போட்டோவில் இல்லாத முகம் வந்தால்?

ஜெர்மனியைச் சேர்ந்த ஏவி-டெஸ்ட் நிறுவனம், தினமும் 4.5 லட்சத்துக்கும் மேற்பட்ட புதிய தீங்கான, தேவையற்ற புரோகிராம்களைப் பதிவு செய்வதாகச் சொல்கிறது. பல புதுசே இல்லை, வேஷம் மாற்றிய பழசு. ஆன்டிவைரஸில் சிக்குதா என்று சோதித்துப் பார்த்த பிறகே அனுப்புகிறவர்களும் உண்டு. இன்றைய ஆன்டிவைரஸ்கள் புரோகிராமின் நடத்தையையும் கவனிக்கின்றன. ஆனால் விண்டோஸிலேயே இருக்கும் பவர்ஷெல் போன்ற கருவிகளை வைத்து வேலையை முடிக்கும் வைரஸ்களைப் பிடிப்பது கஷ்டம்.

ஆன்டிவைரஸ் விற்கும் சைமன்டெக்கின் மூத்த அதிகாரி பிரையன் டையே, இந்த மென்பொருள் சுமார் 45% தாக்குதல்களைத்தான் பிடிக்கிறது என்று 2014-ல் ஒப்புக்கொண்டார்.

ஆர்டர் மெயிலில் என்ன ஆபத்து?

'ஏஜென்ட் டெஸ்லா' என்ற வைரஸ் பல ஆண்டுகளாக பர்ச்சேஸ் ஆர்டர் வேஷத்தில் மெயிலில் சுற்றுகிறது. திறந்தால் கீபோர்டில் தட்டுவதையும் பாஸ்வேர்டுகளையும் திருடும். பிறகு அந்த மெயில் பாக்ஸில் சத்தமில்லாமல் உட்கார்ந்து படிப்பார்கள். பணம் வரவேண்டிய நேரத்தில், "எங்கள் பேங்க் அக்கவுன்ட் மாறிவிட்டது" என்று கம்பெனி பெயரிலேயே பையருக்கு மெயில் போகும். அதில் வைரஸே இல்லை. எந்த ஆன்டிவைரஸ் தடுக்கும்? சரக்கு கப்பல் ஏறியிருக்கும், பணம் வேறு யாருக்கோ போயிருக்கும்.

பெரிய நிறுவனங்கள் மட்டும் தப்பிவிடுகின்றனவா?

இல்லை. 2019-ல் கூடங்குளம் அணுமின் நிலைய நிர்வாக நெட்வொர்க்கில், இன்டர்நெட் இணைப்புள்ள ஒரு கம்ப்யூட்டரில் 'டிட்ராக்' வைரஸ் புகுந்தது. அணுஉலை கட்டுப்பாட்டு அமைப்பு தனி என்பதால் அதற்குப் பாதிப்பில்லை என்றது இந்திய அணுமின் கழகம். செப்டம்பர் 4-ம் தேதி இதைக் கவனித்துச் சொன்னது மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு.

அப்போ ஆன்டிவைரஸே வேண்டாமா?

வேண்டும். பழைய வைரஸ்கள் இன்னும் ஓயவில்லை. அதோடு விண்டோஸ் அப்டேட்டைத் தள்ளிப்போடக் கூடாது. 2017 மே மாதம் உலகை உலுக்கிய 'வான்னாக்ரை'க்கு மார்ச்சிலேயே அப்டேட் வந்துவிட்டது, போடாதவர்கள்தான் மாட்டினார்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவச சப்போர்ட்டும் 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது.

பேக்கப் எடுத்த ஹார்ட் டிஸ்க்கை கம்ப்யூட்டரிலேயே சொருகி வைத்திருந்தால், ரேன்சம்வேர் அதையும் பூட்டிவிடும். கழற்றி வையுங்கள். மெயிலுக்கு ஓடிபி போன்ற இரண்டாவது பூட்டு அவசியம்.

அக்கவுன்ட் மாற்றம் என்று மெயில் வந்தால், அதிலுள்ள நம்பருக்கு அல்ல, பழைய நம்பருக்கு போன் போட்டு கேளுங்கள். பையரிடமும் இதையே இப்போதே சொல்லி வையுங்கள். பணம் போய்விட்டால் உடனே பேங்குக்கும் 1930 என்ற சைபர் கிரைம் உதவி எண்ணுக்கும் தகவல் சொல்ல வேண்டும்.