விலை யாருடைய கையில்? சிலாபத்தின் குளோட் கொரயாவும் இலங்கையின் வணிக அரசியலும்

தமிழில் சலாபம், சிலாபம் என்னும் சொற்களுக்கு முத்துக்குளிப்பு என்று பொருள். பெயரிலேயே கடல் வணிகத்தைத் தாங்கிய இலங்கையின் சிலாபக் கரையில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென்னை பரவியது. கொழும்பு, குருநாகல், சிலாபம் ஆகியவற்றுக்கு இடைப்பட்ட 'தென்னை முக்கோணத்தில்' தேங்காய் விளைந்தது; கொப்பராவின் விலையோ கடலுக்கு அப்பால் முடிவானது. விளைவிப்பவன் ஓரிடத்தில், விலை சொல்பவன் வேறிடத்தில் என்ற இந்நிலையே சேர் குளோட் கொரயாவின் (1894–1962) பொதுவாழ்வைத் தொடக்கம் முதல் இறுதிவரை வழிநடத்தியது என்பது இக்கட்டுரையின் கருத்து.

உரிமை அரசியலின் மரபு

சிலாபத்துக் கொரயா குடும்பத்தில் அரசியல் குளோட் கொரயாவுக்கு முன்பே வேரூன்றியிருந்தது. 1897ஆம் ஆண்டின் தரிசுநிலக் கட்டளைச் சட்டம், உறுதிப்பத்திரம் இல்லாத கிராமத்தவரின் நிலத்தை முடிக்குரியதாக்க வழிவகுத்தபோது, வழக்கறிஞர் சார்ள்ஸ் எட்கர் கொரயா அதை எதிர்த்து நின்றார். 1924இல் அவர் இலங்கைத் தேசிய காங்கிரசின் தலைவரானார். அவருடைய சகோதரர் விக்டர் கொரயா, 1922இல் தலைவரி செலுத்த மறுத்துச் சிறை சென்றார்.

இந்த மரபில் வந்த குளோட் கொரயா, வயதுவந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை கிடைத்த 1931ஆம் ஆண்டில் சிலாபத்தின் பிரதிநிதியாக அரசாங்க சபைக்குச் சென்றார். அச்சபையில் ஏழு நிருவாகக் குழுக்கள் இருந்தன. ஒவ்வொன்றின் தலைவரும் அமைச்சரானார். தொழில், கைத்தொழில், வணிக அமைச்சராக முதலில் இருந்தவர் பெரி சுந்தரம். 1936இல் அப்பொறுப்பு கொரயாவிடம் வந்தது.

அமைச்சும் மாதம்பைத் தொழிற்சாலையும்

அவருடைய பத்தாண்டுக் காலத்தில் மூன்று முக்கிய கட்டளைச் சட்டங்கள் பிறந்தன: 1939இன் மகப்பேற்று நன்மைகள் சட்டம், 1941இன் சம்பளச் சபைகள் சட்டம், 1942இன் தொழிற்சாலைகள் சட்டம். சம்பளச் சபையில் முதலாளி தரப்பும் தொழிலாளி தரப்பும் சம எண்ணிக்கையில் அமர்ந்தன. அரசு நியமித்தவர்களும் உடன் இருந்தனர். உழைப்பின் விலையைச் சந்தையிடம் மட்டும் விட்டுவிடக் கூடாது என்பதே இந்த ஏற்பாட்டின் உட்கருத்து.

போர்க்காலத்தில் இறக்குமதி தடைப்பட்டபோது அரசே தொழிற்சாலைகளைத் தொடங்கியது. கிந்தோட்டையில் ஒட்டுப்பலகை தயாரானது. சிலாபத்துக்கு அருகே மாதம்பையில் சிரட்டையிலிருந்து அசற்றிக் அமிலம் எடுத்தார்கள். காற்றுப் புகாமல் சிரட்டையைக் கரியாக்கும்போது எழும் புகையைக் குளிரவைத்தால் புளிப்பேறிய நீர் வடியும். அதைத் தூய்மைப்படுத்தினால் அமிலம் கிடைக்கும். அந்த அமிலத்தை நீரில் கலந்து இறப்பர்ப் பாலில் சேர்த்தால் பால் உறையும். 1942இல் மலாயா யப்பானிடம் வீழ்ந்தபின் நேசநாடுகள் இலங்கை இறப்பரைப் பெரிதும் நம்பியிருந்தன. அந்த இறப்பரை உறையவைக்கத் தென்னந்தோப்பின் சிரட்டை உதவியது. போர் முடிந்து மலிவான இறக்குமதி திரும்பியதும் இத்தகைய தொழிற்சாலைகள் பல நிலைக்கவில்லை.

வாசிங்டன் முதல் ஜெனீவா வரை

1946இல் அமைச்சை விட்டு இலண்டனில் இலங்கையின் பிரதிநிதியான கொரயா, 1948இல் அமெரிக்காவுக்கான தூதரானார். அவர் அங்கிருந்த காலத்தில், 1952இல், இலங்கையில் அரிசித் தட்டுப்பாடு ஏற்பட்டது. இறப்பர் விலை சரிந்தது. வாசிங்டனுடன் நடந்த பேச்சு பலனளிக்கவில்லை. அவ்வாண்டு டிசம்பரில் இலங்கை சீனாவுடன் ஐந்தாண்டு உடன்படிக்கை செய்தது: ஆண்டுக்கு 50,000 தொன் இறப்பருக்கு ஈடாக 270,000 தொன் அரிசி. சந்தை விலைக்கு வெளியே சிறிய நாடு ஒன்று தனக்கெனப் பேரம் பேசிய தருணம் அது.

சீனாவுடன் பேச 1956இல் பீக்கிங் சென்ற இலங்கைக் குழுவுக்குக் கொரயா தலைமை தாங்கினார். 1956–57இல், ஜெனீவாவில் இயங்கிய 'காட்' எனப்படும் தீர்வை, வணிகப் பொது உடன்படிக்கை நாடுகளின் தலைவராக இருந்தார். 1960 மே மாதத்தில் ஐக்கிய நாடுகள் பாதுகாப்புச் சபைக்குத் தலைமை ஏற்றபோது, சோவியத் வானில் சுட்டு வீழ்த்தப்பட்ட அமெரிக்க உளவு விமானம் பற்றிய விவாதம் அவர் முன்னிலையில் நடந்தது.

மதிப்பீடு

தமிழ் வாசகர் இந்த வாழ்க்கையின் மறுபக்கத்தையும் காண வேண்டும். 1936இல் அவர் இடம்பெற்ற அமைச்சரவையில், தெரிவான அமைச்சர்கள் எழுவரும் சிங்களவர். இந்தியத் தொழிலாளரின் உரிமை பற்றி 1940இல் டில்லியில் பேசிய இலங்கைத் தூதுக்குழுவிலும் அவர் இருந்தார்; அப்பேச்சு தீர்வு தரவில்லை. 1948இன் குடியுரிமைச் சட்டம் அத்தொழிலாளரின் வழிவந்த மலையகத் தமிழரில் பெரும்பாலானோரை நாடற்றவராக்கியது.

உலகச் சந்தையில் சிறிய நாட்டுக்கு நியாயம் வேண்டும் என்ற கோரிக்கை சரியானது. சிலாபத்துத் தோப்புகளின் அனுபவம் அதற்கு வலுவான அடித்தளம். ஆனால் அந்த நியாயத்தை, தோட்டங்களில் பால் வெட்டிய கைகளுக்கும் கொழுந்து பறித்த கைகளுக்கும் அத்தலைமுறைத் தலைவர்கள் நீட்டவில்லை. கொரயாவின் சாதனையை எழுதும் எந்த வரலாறும் இந்தக் குறையையும் அதே பக்கத்தில் எழுத வேண்டும்.