தட்டுக்கு ஒரு சுவர்

இசைத்தட்டைப் பாதுகாக்கச் சொல்லும் யோசனைகள் எல்லாம் கடைசியில் ஓர் அலமாரியில் போய் நிற்கும். 78 சுற்று அரக்குத் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கப்போட்டால் பாரம் தாங்காமல் அடியிலுள்ளது விரிசல் விடும். சாய்த்து வைத்தால் தகரக் கூரையின் வெக்கையில் நெளியும். புத்தகம்போல் நெருக்கி, நேராக நிறுத்த வேண்டும். பத்து அங்குலத் தட்டு ஏறத்தாழ 200 கிராம். ஐம்பது சேர்ந்தால் பத்துக் கிலோ. ஒரே படத்தின் பாட்டுகள் பல தட்டுகளில் பிரிந்து கிடந்ததால், எச்.எம்.வி.யின் 'என்', கொலம்பியாவின் 'ஜி.இ.' என்ற எண்வரிசையில் அடுக்கினால்தான் தேடிய பாட்டு சட்டென்று கைக்கு வரும். அந்த வரிசை குலையாதிருக்க இடம் மாறாத சுவர் வேண்டும். மலேசியாவில் பத்தாங் காலியிலிருந்து கோல சிலாங்கூர் வரையிலான ரப்பர் தோட்டப்புறங்களில் வீட்டு இசைத்தட்டுத் தொகுப்புகள் தங்காததற்கு அந்தச் சுவர் இல்லாததைத்தான் நான் காரணமாகச் சொல்வேன்.

கிராமபோனுக்கு மின்சாரம் தேவையில்லை. கைப்பிடியைச் சுற்றி வில்லை முறுக்கினால் ஒரு பக்கம், மூன்று நிமிடம், பாடிவிடும். தொழிலாளர் குடியிருப்பான லயத்திலும் பாடும், துரையின் பங்களாவிலும் பாடும். நாளுக்கு 50 காசு கூலி, 1930களின் மந்தத்தில் அதற்கும் குறைவு என்ற நிலையில், பால்வெட்டுத் தொழிலாளி தட்டு வாங்கிக் குவித்திருக்க முடியாது. தொகுப்பு என்று சொல்லத்தக்கது கிராணி (தோட்ட எழுத்தர்), கங்காணி (மேற்பார்வையாளர்), கடைக்காரர் வீடுகளில் சேர்ந்திருக்க வேண்டும். ஆனால் கிராணிக்கும் அது சொந்த வீடல்ல. வேலையோடு வந்த வீடு வேலையோடு போகும். 1948இல் மலாயாவில் அவசரகாலம் வந்தது. அந்த டிசம்பரில்தான் பத்தாங் காலியில் ஆயுதமற்ற 24 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். தோட்டத்து லயங்கள் பல இடம் மாற்றப்பட்டு முள்வேலிக்குள் வந்தன. அடுத்து வந்தது துண்டாடல். வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைக் கூறுபோட்டு விற்றபோது, அரசியல் தலைவர் துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தடுக்கப் பார்த்தார். 1966இன் தொழிலாளர் வீட்டுவசதிச் சட்டம் வீட்டின் தரத்தைப் பேசியது, உரிமையைப் பேசவில்லை. இதே வட்டாரத்து மேரி, நைஜல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் குடும்பங்கள் வேலை போனபின் சொந்த வீட்டுக்காக இருபதாண்டுக்கும் மேல் காத்திருந்தன. லாரியில் அரிசி மூட்டையும் சாமி படமும் ஏறும். தொட்டால் உடையும் அரக்குத் தட்டு எத்தனை முறை ஏறும்?

மழைநாட்டு ஈரம்தான் அழித்தது என்பார்கள். பூஞ்சணம் உறையைப் பிடிக்கும், மெய்தான். தட்டின் மேல் படிந்ததைக் கழுவிவிடலாம். தட்டைவிட எளிதில் கெடும் அச்சுத்தாளையே காரைக்குடிக்கு அருகே கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் தன் வீட்டில் சேர்த்துவைத்தார். 1994இல் சென்னையில் அவர் பெயரிலான நூலகம் எழுந்தது அந்தச் சேகரத்தின் மேல்தான். சென்னைக் கடற்காற்றிலேயே இசைத்தட்டுச் சேகரிப்பாளர் வி.ஏ.கே. ரங்காராவ் ஆயிரக்கணக்கான தட்டுகளைக் காத்தார். இருவருக்கும் ஆர்வம் இருந்தது, காலி செய்யச் சொல்ல யாருமில்லாத வீடும் இருந்தது. செட்டிநாட்டு வீடுகளை எழுப்பிய பணத்தில் மலாயாவில் கொடுத்து வாங்கிய வட்டியும் கலந்திருந்தது என்பதை இங்கே சொல்லாமல் விட முடியவில்லை. கேசட் வந்ததால் தட்டு ஒழிந்தது என்ற வாதம் பாதிதான் சரி. கேசட் தட்டைப் பாடவிடாமல் செய்தது. வெளியே எறியச் சொன்னது இடநெருக்கடி. சென்னைக்கும் கேசட் வந்தது, அலமாரிகள் நின்றன.

தாமான் எனப்படும் வீடமைப்புப் பகுதிகளில் சொந்த வீடு கட்டிக் குடியேறிய தோட்டத்துப் பிள்ளைகள் இன்று பலர். தாத்தாவின் தகரப் பெட்டியில் தட்டு ஏதும் மிஞ்சியிருந்தால் ஸ்பிரிட் தொட்டுத் துடைக்காதீர்கள், அரக்கு கரைந்துவிடும். மெல்லிய துணியால் தூசி தட்டி, புதுக் காகித உறையில் போட்டு, வெயில் படாத சுவரோரம் நிறுத்தி வையுங்கள்.