லயத்துக் கொல்லையும் தாழ்வாரத் தொட்டியும்



கெடா நாட்டின் நெற்களஞ்சியம். எனினும், 1941 டிசம்பரில் சப்பானியப் படை ஜித்ராவை வென்று முன்னேறிய பின், தோட்டத் தமிழர் பலர் சோறின்றி மரவள்ளிக்கிழங்கை உண்ண நேர்ந்தது. இரப்பர் ஏற்றுமதி முடங்கியது. ஆட்சியாளர் அச்சிட்ட வாழைமரத் தாள் 1945-இல் செல்லாக்காசாயிற்று. அவ்வாண்டுகளில் லயத்துக் கொல்லையில் விளைந்த கிழங்கும் கீரையுமே பல குடும்பங்களின் உயிரைக் காத்தன.

பின்னர், விலைவாசி உயர்ந்த 1974-இல், பிரதமர் துன் அப்துல் ரசாக் பச்சைப் புத்தகத் திட்டத்தைத் தொடக்கி, வீட்டுக்கு வீடு காய்கறி பயிரிடத் தூண்டினார்.

ஆயினும் ஓர் உண்மையை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அந்தக் கொல்லை மண் உழைத்தவருக்குச் சொந்தமன்று. தோட்டம் கைமாறி, லயம் காலியானபோது கொல்லையும் போயிற்று. சுங்கை பட்டாணி, கூலிம் அடுக்குமாடிகளில் குடியேறியோருக்கு எஞ்சியது சிறு தாழ்வாரமே.

ஆகவேதான் தொட்டிப் பயிரை நான் வெறும் பொழுதுபோக்காகக் கருதுவதில்லை. தொட்டி மண் குடும்பத்தோடு இடம்பெயரும். பழைய வாளியின் அடியில் நான்கைந்து துளையிடுங்கள். மண்ணும் மட்கிய எருவும் கலந்து நிரப்புங்கள். நாளில் ஆறு மணிநேரம் வெயில் படட்டும். இரு மாதத்திற்குள் வெண்டை காய்க்கும்.

விதையைப் பிள்ளைகளே ஊன்றட்டும். ஊன்றும்போது, மரவள்ளிக்கிழங்கு உண்டு பிழைத்த நம் மூதாதையர் கதையையும் சொல்லுங்கள். என் வகுப்பில் நானும் சொல்லி வருகிறேன்.