வட்டத்துக்குள் ஒரு புள்ளி

பழைய ஹதீஸ் கையெழுத்துப் பிரதிகள் சிலவற்றில் ஒரு ஹதீஸ் முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் சிறு வட்டம் ஒன்று வரையப்பட்டிருக்கும். சில வட்டங்கள் வெறுமையாக இருக்கும்; சிலவற்றின் நடுவே ஒரு புள்ளி இருக்கும். அறியாதவர் கண்ணுக்கு அது வெறும் அலங்காரம். உண்மையில் அது வேலைக் கணக்கு. ஹிஜ்ரி 463இல் (கி.பி. 1071) மறைந்த இமாம் கதீப் அல்-பக்தாதி (ரஹ்) அந்த வட்டத்தை முதலில் வெறுமையாகவே விட்டுவிடும்படி அறிவுறுத்துகிறார். எழுதியதை மூலத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்த்த பிறகே அதனுள் புள்ளி வைக்க வேண்டும். ஆகவே புள்ளியற்ற வட்டம் படிப்பவரிடம் சொல்வது இதுதான்: இது எழுதப்பட்டிருக்கிறது, இன்னும் சரிபார்க்கப்படவில்லை.

அந்த வட்டத்தை வரைந்த கைகளுக்குரியவர்களை அரபுலகம் ‘வர்ராக்’ என்று அழைத்தது. ‘வரக்’ என்றால் இலை, ஏடு. காகிதம் விற்பதும், நூலைப் பிரதியெடுப்பதும், கட்டமைப்பதும், விற்பதுமாகிய எல்லாம் அவர்கள் தொழிலே. ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் பக்தாதின் ஒரு பகுதியில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட வர்ராக்குகளின் கடைகள் இருந்ததாக யஃகூபி எழுதுகிறார். அல்-ஜாஹிழ் அத்தகைய கடைகளை வாடகைக்கு எடுத்து, இரவெல்லாம் உள்ளே தங்கிப் படித்தார் என்பது பலரும் அறிந்த செய்தி. அரபு மொழியில் அதுவரை வெளிவந்த நூல்களையெல்லாம் பட்டியலிட்டு ஹிஜ்ரி 377இல் (கி.பி. 987) ‘அல்-ஃபிஹ்ரிஸ்த்’ என்ற பெருநூலை எழுதிய இப்னுன் நதீமும் ஒரு வர்ராக்தான். பிறர் நூலை எழுதிக் கொடுத்துப் பிழைத்த கடைக்காரர் ஒருவர் இல்லையென்றால், இன்று தொலைந்துபோன எத்தனையோ நூல்களின் பெயர்கூட நமக்குத் தெரிந்திராது.

இத்தனை கடைகள் பெருகியதற்குக் காரணம் ஒரு தொழில்நுட்பம். கி.பி. 751இல் தலாஸ் ஆற்றங்கரையில் நடந்த போருக்குப் பின், சிறைப்பட்ட சீனர்கள் சமர்கந்தில் காகிதம் செய்யக் கற்றுக்கொடுத்தார்கள் என்பது ஸஆலிபி சொல்லும் மரபு. எட்டாம் நூற்றாண்டின் இறுதியில் அது பக்தாதை எட்டிவிட்டது. கந்தல் துணியையும் சணல் நாரையும் ஊறவைத்து இடித்துக் கூழாக்கி, சல்லடையில் வார்த்து, மாவுக் கஞ்சி பூசி, கல்லால் தேய்த்து மெருகேற்றுவார்கள். ஆட்டுத் தோலைவிட மலிவான எழுதுபொருள் இவ்வாறு கிடைத்தது. ஹாரூன் ரஷீத் அரசு அலுவல்களில் காகிதத்தையே பயன்படுத்துமாறு ஆணையிட்டதற்குக் கல்கஷந்தி கூறும் காரணம் விலையன்று என்பதுதான் எனக்கு வியப்பு. தோலில் எழுதியதைச் சுரண்டி எடுத்துவிட்டு வேறொன்றை எழுதிவிடலாம். காகிதத்தில் அப்படிச் செய்தால் தழும்பு காட்டிக்கொடுத்துவிடும். திருத்தம் மறையக் கூடாது என்பதற்காகவே ஓர் அரசு புதிய தொழில்நுட்பத்தை ஏற்றது.

இந்தத் தொழில் சான்றோர்களுக்கும் சோறு போட்டது. பஸராவின் மாலிக் இப்னு தீனார் (ரஹ்) குர்ஆன் பிரதிகளைக் கூலிக்கு எழுதிக் கொடுத்தே வாழ்ந்தார். காசர்கோட்டுப் பள்ளிவாசலோடு கேரள மரபு இணைத்துப் பேசும் பெயரும் இதுவேயாதலால், நம் பக்கத்து மக்களுக்கு அவர் அயலார் அல்லர். ஒளியியலின் பேரறிஞர் இப்னுல் ஹைஸம் கெய்ரோவில் ஆண்டுதோறும் யூக்ளிட், தாலமி முதலியோரின் கணித, வானியல் நூல்களைப் பிரதியெடுத்து நூற்றைம்பது தீனாருக்கு விற்று, அதைக் கொண்டே அந்த ஆண்டைக் கழித்தார் என்று இப்னுல் கிஃப்தி பதிவு செய்திருக்கிறார். இருட்டறையில் ஒளியின் பாதையை ஆராய்ந்த மனிதர் பகலில் பிறர் எழுதியதை எழுத்துக்கு எழுத்து பார்த்து எழுதிக்கொண்டிருந்தார்! அந்த உழைப்பு அவருடைய சிந்தனையைக் கெடுத்ததா, கூர்மையாக்கியதா? யூக்ளிடை ஆண்டுதோறும் கையால் எழுதியவருக்கு யூக்ளிட் மனத்தில் பதியாமல் இருந்திருக்க முடியாது என்றே எனக்குத் தோன்றுகிறது.

எல்லோருக்கும் அது இனித்ததில்லை. அபூ ஹய்யான் அத்-தவ்ஹீதி இந்தத் தொழிலைச் சாபம்போல் வெறுத்தார். வாழ்நாளின் இறுதியில் தம் நூல்களையே தீக்கிரையாக்கினார். பக்தாதின் கிறிஸ்தவத் தத்துவ அறிஞர் யஹ்யா இப்னு அதீயிடம், ஏன் இப்படி ஓயாமல் எழுதுகிறீர் என்று இப்னுன் நதீம் கேட்டபோது, தபரியின் தஃப்ஸீரை மட்டும் இரண்டு முறை முழுமையாகப் பிரதியெடுத்து விற்றதாகவும், ஒரு பகலும் இரவும் சேர்ந்தால் நூறு ஏடுகள் எழுதிவிடுவதாகவும் அவர் சொன்னார். நூறு ஏடு! கை வலிக்காதா என்று கேட்கத் தோன்றுகிறது.

வேகம் வந்த இடத்தில் அதற்குரிய சோதனையும் வந்தது. ஹிஜ்ரி எட்டாம் நூற்றாண்டின் அறிஞர் தாஜுத்தீன் அஸ்-ஸுப்கி (ரஹ்), அரசன் முதல் சாமானியத் தொழிலாளி வரை ஒவ்வொருவரும் தம் பணியில் அல்லாஹ்வுக்குச் செலுத்த வேண்டிய நன்றியைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் எழுத்தருக்கும் ஓரிடம் உண்டு. முழு நூலுக்கும் மொத்தமாகக் கூலி பேசிக்கொண்டவர்களில் இறையச்சம் இல்லாத சிலர், சீக்கிரம் முடிப்பதற்காக நடுவிலிருந்து சில பகுதிகளை விட்டுவிடுகிறார்கள் என்று அவர் குற்றம் சாட்டுகிறார். அது எழுதியவருக்கும் துரோகம், வாங்கியவருக்கும் துரோகம். இந்த வரிகளைப் படித்தபோது நான் சற்று நெளிந்தேன். பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசி, கணினியில் புத்தகங்களுக்கு எழுத்துக் கோத்துக் கொடுப்பதே என் பிழைப்பு. மாலைக்குள் முடிக்க வேண்டிய நாளில் மெய்ப்பை ஒருமுறை மட்டும் பார்த்துவிட்டு அனுப்பியது எத்தனை தடவை என்பதை அல்லாஹ் அறிவான்.

இந்தச் சோதனையை எதிர்கொள்ளவே அறிஞர்கள் ‘முகாபலா’ என்ற முறையை வளர்த்தார்கள். ஒருவர் மூலத்தை வாசிக்க, மற்றவர் பிரதியைப் பார்த்துக்கொண்டே வருவார். விடுபட்ட சொல்லை ஓரத்தில் எழுதி, அருகில் ‘ஸஹ்ஹ’, அதாவது ‘இது சரி’ என்று குறிப்பார். எதுவரை ஒப்பிட்டு முடித்தோம் என்பதையும் ஓரத்திலேயே பதிவார்கள். உர்வா இப்னு ஸுபைர் (ரஹ்) தம் மகன் ஹிஷாமிடம், எழுதினாயா என்று கேட்டார். எழுதினேன் என்றார் மகன். ஒப்பிட்டாயா? இல்லை. அப்படியானால் நீ எழுதவே இல்லை என்று சொல்லிவிட்டார் தந்தை. ஒப்பிடாமல் எழுதுபவரைக் கழிப்பறைக்குச் சென்று சுத்தம் செய்யாமல் வெளியே வந்தவருக்கு ஒப்பிட்ட பெரியோரும் உண்டு. உவமை கொஞ்சம் கடுமைதான். ஆனால் மத்ரஸா மாணவர் அதை வாழ்நாளில் மறக்க மாட்டார்.

பிழையை நீக்கும் விதத்தையும் அவர்கள் விடவில்லை. ஹிஜ்ரி 643இல் மறைந்த இப்னுஸ் ஸலாஹ் (ரஹ்) உஸூலுல் ஹதீஸ் பற்றிய தம் புகழ்பெற்ற நூலில் இதை விரிவாகப் பேசுகிறார். தவறாக எழுதியதைக் கத்தியால் சுரண்டுவதைவிட, அதன்மேல் கோடிட்டு அடித்துவிடுவதே மேல். கோட்டுக்கு அடியில் பழைய சொல் தெரியும். எங்கே தவறினோம் என்பது மறையாது. மேலும் இன்று தவறு என்று அடிக்கப்பட்டது நாளை வேறோர் அறிவிப்பின்படி சரியென்று தெரிய வரலாம். சுரண்டிவிட்டால் அதை மீட்க வழியில்லை. ஹதீஸ் வாசிக்கும் சபைக்குக் கத்தி கொண்டுவருவதையே சில ஆசிரியர்கள் வெறுத்தார்களாம்.

அச்சு வந்த பிறகும் எழுத்தரின் கை உடனே ஓய்ந்துவிடவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்திய முஸ்லிம்களிடம் செல்வாக்குப் பெற்றது ஈய எழுத்தைவிடக் கல்லச்சே. காத்திப் கொழுப்பு மையால் தாளில் எழுதுவார். அது கல்லுக்கு மாற்றப்பட்டு அச்சாகும். 1858இல் முன்ஷி நவல் கிஷோர் லக்னோவில் தொடங்கிய அச்சகம் இம்முறையில் குர்ஆனையும் எண்ணற்ற தீனிய நூல்களையும் பரப்பியது. அதன் உரிமையாளர் ஓர் இந்து என்பதையும் நன்றியோடு சொல்ல வேண்டும். நம் அரபுத்தமிழுக்கும் கல்லச்சு பெரிய துணையாயிற்று. தமிழ் ஒலிகளுக்காக அரபு எழுத்துகளில் கூடுதல் புள்ளிகள் இட்டு நம் முன்னோர் உருவாக்கிய வடிவங்களுக்கு ஈய அச்சு எங்கிருந்து கிடைக்கும்? கையால் எழுதினால் அச்சாகிவிடும் என்பது எவ்வளவு பெரிய வாசல்! நம் பாட்டிமார் ரிஹாலில் விரித்து ஓதிய மாலைகளும் மஸ்அலா கிதாபுகளும் அப்படித்தான் வீடு வந்து சேர்ந்தன. ஒரு பக்கத்தின் கீழ் மூலையில் அடுத்த பக்கத்தின் முதற்சொல் தனியே நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ஏடு மாறிவிடாமலிருக்க வர்ராக்குகள் செய்த ஏற்பாடு அது. சென்னைத் திருவல்லிக்கேணியில் 1927இல் தொடங்கிய ‘முஸல்மான்’ உருது நாளிதழ், கணினிக் காலம் வந்த பின்னும் காத்திப்களின் கையெழுத்திலேயே அச்சேறியது. பிந்தி வரும் செய்திக்காக முதல் பக்கத்தில் ஒரு மூலையைக் காலியாக விட்டுவைப்பார்கள்.

இன்று பிரதியெடுப்பவர்கள் நாம் எல்லோரும்தான். யஹ்யா இப்னு அதீ ஒரு பகலும் இரவும் எழுதியதை நம் கட்டைவிரல் ஒரு நொடியில் நூறு பேருக்கு அனுப்பிவிடுகிறது. கையும் வலிப்பதில்லை, கூலியும் இல்லை. சென்ற ரமளானில், குறிப்பிட்ட ஓர் இரவில் குறிப்பிட்ட எண்ணிக்கையில் ஓதினால் இன்ன நன்மை என்று ஹதீஸ் போல வந்த செய்தியொன்றைக் குடும்பக் குழுவில் நானும் அனுப்பினேன். எழுத்து அழகாக இருந்தது, ஓரத்தில் பூ வேலையும் இருந்தது. ஸஹருக்கு முன் மாமாவிடமிருந்து பதில் வந்தது: “மருமகனே, எந்தக் கிதாபில் இருக்கிறது?” தேடினேன். இரண்டு ஆலிம்களிடம் கேட்டேன். எந்தக் கிதாபிலும் இல்லை. அதற்குள் லாத்தா அதைத் தம் மகள் வீட்டாருக்கும், அவர்கள் வேறெங்கோ உள்ளவர்களுக்கும் அனுப்பியாகிவிட்டது.

‘அனைவருக்கும் நீக்கு’ என்ற பொத்தானின் மேல் விரல் நின்றது. தடமே இல்லாமல் மறைந்துவிடும். இப்னுஸ் ஸலாஹ் சொன்ன கத்தி நினைவுக்கு வந்தது. செய்தியை அப்படியே விட்டுவிட்டு, அதற்குப் பதிலாக அதன் கீழேயே எழுதினேன்: “மேலே நான் அனுப்பியதற்கு ஆதாரம் இல்லை. ஒப்பிடாமல் அனுப்பிவிட்டேன். யாருக்கெல்லாம் அனுப்பினீர்களோ அவர்களுக்கு இதையும் அனுப்புங்கள்.” லாத்தா மட்டும் அன்றே அனுப்பிவிட்டதாகச் சொன்னார்கள். மற்றவர்களிடம் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.