ஜம்பைக் குன்றில் இரு மொழிகள்

வடபுலத்திலிருந்து தென்னாடு நோக்கி நடந்த சமண முனிவர்களுக்கு வழியெங்கும் நிலமும் மொழியும் மாறின. பாகதம் பேசி வந்தோர்க்குத் தமிழ் புதிது. அப்பழம்பயணத்தை நினைவூட்டும் சுவடொன்று நம் கள்ளக்குறிச்சி மாவட்டத்து ஜம்பையில் உள்ளது.

தகடூரிலிருந்து கிழக்கே வருவோர், ஜவ்வாது மலைக்கும் கல்வராயன் மலைக்கும் இடையே காடும் மேடும் கடந்து தென்பெண்ணைக் கரை வயல்களை அடைவர். குறிஞ்சியும் முல்லையும் மருதமும் அடுத்தடுத்து வரும் வழி அது. மழைக்காலத்தில் சிற்றுயிர்கள் மிதிபடாதிருக்க முனிவர் ஓரிடத்தே தங்குதல் அறநெறி. அதற்குக் குகைப்பள்ளிகள் உதவின. நான்கு திங்கள் தங்கிய இடத்தில் ஊரார் மொழியும் செவிக்குப் பழகியிருக்கும்.

ஜம்பைக் குன்றின் பள்ளியை அதியன் நெடுமான் அஞ்சி ஈந்த செய்தியை அங்குள்ள தமிழிக் கல்வெட்டு கூறுகிறது. 1981இல் கண்டறியப்பட்ட அவ்வொற்றை வரி, மன்னனை ‘ஸதியபுதோ’ எனச் சுட்டுகிறது. ‘புதோ’ என்றால் மகன். அசோகர் கல்வெட்டில் சோழ பாண்டியரோடு எண்ணப்படும் ஸதியபுத்திரர் யாவர் என்னும் நெடுநாள் வினாவிற்கு இவ்வரி விடையளித்தது. பெயரும் கொடையும் தமிழில் அமைய, பட்டம் மட்டும் பாகதத்தில் நிற்கிறது.

புதுமொழியைக் கற்றுத் தமதாக்கிய அம்மரபே பிற்காலத்தில் சீவக சிந்தாமணியையும் நன்னூலையும் அளித்தது. இன்றோ நம் பிள்ளைகள் பலர் அயல்மொழி நிலங்களில் வாழ்கின்றனர். வீட்டிலும் தமிழ் குறைகிறது. திருநறுங்கொண்டையில் அப்பாண்டைநாதரை வணங்கச் செல்லும்போது, அவர்களை ஜம்பைக்கும் அழைத்துச் சென்று அவ்வரியைப் படித்துக் காட்டுவோமாக.