வாடகையும் அமைதியும்

ரயில் கிளைப்பாதைகள் பிரதான பாதையோடு கூடியதனால் பெயர்பெற்ற நியூ ஜெர்சியின் மான்மவுத் ஜங்ஷனில், மரச்சட்டங்களால் எழுப்பிய அடுக்குமாடிகளில் நம்மவர் குடும்பங்கள் நெருங்கி வாழும் இக்காலத்தில், மேல்தளத்தில் ஒரு சிறுமி சலங்கை கட்டித் தட்டடவு பயில, கீழ்தளத்தில் இரவு வேலை முடித்து வந்தவர் உறக்கமின்றிப் புரள்வது சாதாரண விவகாரம். அவ்விருவருக்கும் நடுவே வீட்டுச் சொந்தக்காரரின் கடமை யாது என்ற கேள்விக்கு நீண்ட சரித்திரம் உண்டு.

பழைய ஆங்கிலேய சட்டமரபில், சாவியை ஒப்படைத்ததோடு சொந்தக்காரரின் பொறுப்பு பெரும்பாலும் தீர்ந்தது. அவர் குடியிருப்பவரை வெளியேற்றாத வரையில் வாடகை செலுத்தியே ஆகவேண்டும். 1826இல் நியூயார்க் நியாயஸ்தலம் டையட் – பெண்டில்டன் வழக்கில் அந்தக் கெடுபிடியைத் தளர்த்தியது. சொந்தக்காரர் அதே கட்டடத்துக்கு ஒழுக்கங்கெட்டவர்களை அழைத்து வந்து இரவெல்லாம் கூச்சலிடச் செய்ததால் குடித்தனத்தைக் காலிசெய்து போனவர், கழுத்தைப் பிடித்துத் தள்ளப்படாவிட்டாலும் வெளியேற்றப்பட்டவரே ஆவார், ஆகையால் வாடகை தர வேண்டியதில்லை என்று தீர்ப்பாயிற்று.

நியூ ஜெர்சியில் இக்கொள்கை முழு வடிவம் பெறச் சென்ற நூற்றாண்டின் பிற்பகுதி வரை காத்திருக்க நேர்ந்தது. 1970இல் மாநில உச்ச நீதிமன்றம், ஒழுகும் கழிப்பறையைச் செப்பனிட்ட செலவான 85 டாலர் 72 சென்டை வாடகையில் கழித்துக்கொண்ட குடித்தனக்காரரின் பக்கம் நின்று, வாழத்தக்க வீட்டைத் தருவது சொந்தக்காரரின் கடமை என்றது. 1977இல் கேம்டன் மாவட்ட நீதிமன்றம், அண்டை வீட்டாரின் ஓயாத இரைச்சலை அடக்கத் தவறுவதும் அக்கடமையில் வழுவுவதே என்றும், அதற்காக வாடகை குறையலாம் என்றும் கண்டது.

எனினும் சத்தம் செய்பவரையும் சட்டம் கைவிடவில்லை. 1974ஆம் ஆண்டின் வெளியேற்றத் தடைச் சட்டத்தின்படி, பிறரது அமைதியைக் குலைப்பவரை முதலில் நிறுத்தும்படி எழுத்துமூலம் எச்சரிக்க வேண்டும். அதன் பின்னும் அவர் திருந்தாவிடில்தான் வழக்குத் தொடுக்க வழி பிறக்கும்.

எச்சரிக்கைக்கும் வழக்குக்கும் நடுவிலுள்ள இந்த இடைவெளியே நியாயத்தின் உயிர்நாடி. பிராது வந்ததும் நாளையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு, சத்தம் எழும் வேளையில் தாமே சென்று கேட்டு, இரு தரப்பாரையும் விசாரித்து, பயிற்சிக்கு உகந்த நேரத்தையும் தரைக்குக் கனத்த விரிப்பையும் பேசி முடிக்கும் சொந்தக்காரர், நியாயஸ்தலத்தின் படியேறாமலே தம் கடமையை நிறைவேற்றியவராகிறார். செவிகொடுத்துக் கேட்பது அவர் காட்டும் தயவன்று. மாதந்தோறும் வாங்கும் வாடகைக்கு அவர் செலுத்த வேண்டிய கடன்.